பவுடர் வாசம் எங்கிருந்து வருகிறது? பூ மணக்கும் பெர்ஃப்யூம்கள் பற்றி ஓர் எளிய விளக்கம்

கோவை கிராஸ்கட் ரோட்டின் அழகுப் பொருள் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. விற்பனைப் பெண் ஒரு காகிதப் பட்டையில் பெர்ஃப்யூமைத் தெளித்து நீட்டுகிறார். வாங்க வந்தவர் ஒரு முறை முகர்கிறார். "பூ வாசம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பவுடர் வாசம் கலந்திருக்கிறதே, வேண்டாம்" என்று பட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கூட வந்த மகள், "அம்மிச்சி பீரோவைத் திறந்த மாதிரி இருக்கிறது" என்கிறார்.

இந்தப் பேச்சுக்குப் பின்னால் மூன்று எண்ணங்கள் இருக்கின்றன. பெர்ஃப்யூமில் ஏதோ முகப்பவுடரைக் கலந்திருக்கிறார்கள் என்பது ஒன்று. பவுடர் வாசம் வந்தால் அது மலிவான சரக்கு என்பது இன்னொன்று. நல்ல பெர்ஃப்யூம் என்றால் பறித்த மல்லிகையைப் போலவே மணக்க வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. உலகில் மிகக் கவனமாகக் கட்டமைக்கப்பட்ட பெண்கள் பெர்ஃப்யூம்களில் பல இந்தப் பவுடர் வகையைச் சேர்ந்தவை. அவற்றை ஒரு நிமிடத்தில் ஒதுக்கிவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. பூவை இவ்வளவு நேசிக்கும் ஊர்க்காரர்கள் நாம் என்பதால் அந்த வருத்தம் இன்னும் கூடுகிறது.

பவுடருக்கென்று வாசம் கிடையாது

முகப்பவுடரின் அடிப்படைப் பொருள் டால்க் என்ற மென்மையான கனிமம். தமிழில் மாக்கல் என்று சொல்லும் கல்லின் முக்கியப் பகுதியும் இதுதான். புளிக்குழம்பு வைக்க நம் வீடுகளில் வைத்திருக்கும் கல்சட்டி இந்த மாக்கல்லில் குடைந்தது. அந்தச் சட்டியை முகர்ந்து பாருங்கள். பவுடர் வாசம் வராது. கல்லை அரைத்து மாவாக்கினாலும் வராது. டப்பாவைத் திறந்ததும் மணப்பது, அந்த மாவோடு ஆலையில் சேர்த்த நறுமணக் கலவை மட்டுமே.

அப்படியானால் எந்த நறுமணத்தைச் சேர்த்தார்கள்? ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டில் செல்வந்தர்கள் தலைமுடியிலும் பொய்முடியிலும் தூவிக்கொண்ட மாவில், ஐரிஸ் என்ற செடியின் காய்ந்த கிழங்கை அரைத்துச் சேர்ப்பது வழக்கம். அந்தக் கிழங்குத்தூளுக்கு வயலட் பூவை நினைவூட்டும் மெல்லிய மணம் உண்டு. பின்னால் முகப்பவுடர், குழந்தைப் பவுடர், உதட்டுச் சாயம் எல்லாம் ஆலைகளில் உருவானபோது, அதே வயலட் மணத்தோடு வெனிலா, ரோஜா, கஸ்தூரி போன்ற மென்மையான மணங்களையும் சேர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக வெண்மையான, உலர்ந்த, வழவழப்பான மாவும் இந்த மணமும் ஒன்றாகவே மூக்குக்கு வந்தன. மூளை இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது.

நம் ஊரில் பாண்ட்ஸ், கூட்டிக்கூரா, கோகுல் சாண்டல் டப்பாக்கள் இல்லாத வீட்டைத் தேடத்தான் வேண்டும். குளித்து முடித்த குழந்தையின் கழுத்தில் பூசியது, பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா முகத்தில் ஒற்றியது, கல்யாண வீட்டில் கண்ணாடி முன்னால் நின்ற அத்தைமார்கள் என எல்லா நினைவும் அந்த மணத்தோடு ஒட்டியிருக்கிறது. ஆகவே பாரிஸில் செய்த பெர்ஃப்யூம் ஒன்றில் அதே குடும்பத்து மணப்பொருள்கள் வந்தால், நம் மூளை சட்டென்று "பவுடர்" என்கிறது. பாட்டிலுக்குள் ஒரு துளி டால்க்கும் இல்லை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பவுடர் வாசம் என்பது பவுடரின் வாசம் அல்ல. பவுடருக்கு மணமூட்டப் பயன்பட்ட சில பொருள்களின் வாசம் அது. அதே பொருள்கள் பெர்ஃப்யூமிலும் இருக்கின்றன.

தெளித்த பிறகு தோலில் நடப்பது

அரிசிம்பருப்புச் சாதம் செய்யும் அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் சீரகமும் கறிவேப்பிலையும் விழுந்ததும் எழும் மணம் வாசல் வரை ஓடிவரும். சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். பிறகு சின்ன வெங்காயமும் பருப்பும் அரிசியும் சேர்ந்து வேகும் மணம் வெகுநேரம் வீட்டில் நிற்கும். சாப்பிட்டுக் கை கழுவிய பின்னும் விரலில் நெய்யும் பூண்டும் மெலிதாக மணக்கும். ஒரே சமையலில் முந்தி ஓடுவது, நடுவில் நிற்பது, கடைசிவரை தங்குவது என மூன்று வேகங்கள் இருக்கின்றன.

பெர்ஃப்யூமும் இப்படித்தான். மணம் என்பது காற்றில் பறந்து மூக்கை எட்டும் மூலக்கூறுகள், அதாவது ஒரு பொருளின் தன்மை மாறாத மிகச் சிறிய துகள்கள். சிறிய, எடை குறைந்த மூலக்கூறுகள் தோலை விட்டு வேகமாக ஆவியாகும். ஆரஞ்சுத் தோல், எலுமிச்சை போன்ற மணங்கள் இந்த வகை. இவற்றை முதல் மணம் என்கிறார்கள். பூக்களின் மணம் பெரும்பாலும் நடு மணம். வெனிலா, சந்தனம், கஸ்தூரி போன்றவற்றின் மூலக்கூறுகள் கனமானவை; அவை தோலைப் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் மெதுவாக வெளியேறும். இவை அடி மணம்.

பவுடர்த்தன்மையைத் தரும் பொருள்களில் பெரும்பாலானவை நடுவிலும் அடியிலும்தான் இருக்கின்றன. கடையில் தெளித்த முதல் நிமிடத்தில் நீங்கள் முகர்வது தாளிப்பை மட்டும். அதற்குள்ளேயே பவுடர் எட்டிப் பார்க்கிறது என்றால், அது அந்தக் கலவை முழுவதையும் தாங்கும் அடித்தளம் என்று பொருள். பூ முன்னால் நிற்க, அடித்தளம் பின்னால் நிற்க, இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்பது அரை மணி நேரம் கழித்தே தெரியும்.

பூவின் பங்கு: சத்தியமங்கலத்திலிருந்து பார்த்தால்

நம் மூக்குக்குப் பழகிய பூ மணம் உயிருள்ள பூவின் மணம். சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு விடிவதற்குள் வந்து சேரும் மல்லிகை மொட்டாக இருக்கிறது. மாலையில் தலையில் விரிகிறது. பறித்த பிறகும் மணத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த மணத்தில் ஈரமும் பச்சையும் பழத்தின் இனிப்பும் இருக்கின்றன. கூடவே இண்டோல் என்ற பொருளும் மிகச் சிறிய அளவில் இருக்கிறது. தனியாக முகர்ந்தால் முகம் சுளிக்க வைக்கும் இண்டோல், மல்லிகையில் சேரும்போது அந்தக் கிறங்கவைக்கும் கனத்தைக் கொடுக்கிறது. மறுநாள் காலையில் வாடிய சரத்தில் கனமாக அடிக்கிறதே ஒரு வாசம், அதில் இண்டோலின் பங்கு பெரிது.

இந்த மணத்தை பாட்டிலில் அடைப்பது எளிதல்ல. யூகலிப்டஸ் இலையை நீராவியில் காய்ச்சி எண்ணெய் எடுப்பது போல மல்லிகையைக் காய்ச்ச முடியாது. வெப்பம் பட்டால் மணம் கெட்டுவிடும். அதனால் ஹெக்சேன் என்ற கரைப்பானில் பூக்களை ஊறவைத்து மணத்தையும் மெழுகையும் சேர்த்துப் பிரிக்கிறார்கள். கரைப்பான் ஆவியானதும் மிஞ்சும் மெழுகு போன்ற கட்டிக்கு காங்கிரீட் என்று பெயர். அதை ஆல்கஹாலில் கழுவி, குளிரவைத்து, மெழுகை நீக்கினால் கிடைக்கும் கெட்டியான சாறு அப்சல்யூட். ஒரு கிலோ காங்கிரீட்டுக்கு ஏறத்தாழ 300 முதல் 400 கிலோ ஜாதிமல்லி வேண்டும். அப்சல்யூட்டாகும்போது அதிலும் பாதியளவுதான் தேறும்.

கோவை, சத்தியமங்கலம் வட்டாரத்தில் இந்த வேலையைச் செய்யும் ஆலைகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. சரம் தொடுப்பதற்கு மொட்டு வேண்டும். ஆலைக்கோ விரிந்த பூ வேண்டும், ஏனென்றால் மணம் முழுமையாக ஊறுவது இதழ் விரியும்போதுதான். மார்க்கெட்டில் விலை சரியும் நாள்களில் விவசாயிகள் ஆலையைத்தான் நம்புகிறார்கள். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோ 1, கோ 2 என்ற பிச்சி ரகங்களை வெளியிட்டிருக்கிறது. பிச்சி என்பது ஜாதிமல்லிக்கு இன்னொரு பெயர்.

நான் எல்லோரிடமும் சொல்ல விரும்பும் செய்தி ஒன்று இங்கே இருக்கிறது. பிரான்சின் கிராஸ் என்ற ஊர், பெர்ஃப்யூம் தொழிலின் தாயகமாகப் போற்றப்படுகிறது. அங்கே புகழ்பெற்ற மல்லிகையும் நம் ஜாதிமல்லியும் ஒரே தாவர இனம். 1921இல் எர்னஸ்ட் போ என்ற பெர்ஃப்யூம் வடிவமைப்பாளர் உருவாக்கிய ஷனேல் நம்பர் 5 என்ற பெர்ஃப்யூம், கிராஸ் மல்லிகையை நடுவில் வைத்துக் கட்டியது. நம் தோட்டத்து வேலியோரம் பூக்கும் கொடியின் உறவுக்காரப் பூ அந்த பாட்டிலுக்குள் இருக்கிறது. அதை முகர்ந்து "இது பூ வாசமே இல்லை" என்று நாம் சொல்கிறோம்!

அப்படிச் சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. பெர்ஃப்யூமர், அதாவது மணக்கலவையை வடிவமைப்பவர், மல்லிகையின் ஈரத்தையும் பச்சையையும் வேண்டுமென்றே குறைத்து, உலர்ந்த மென்மையான பொருள்களால் அதைப் போர்த்துகிறார். கொடியிலிருக்கும் பூவை நகலெடுப்பது அவர் நோக்கம் அல்ல. பூவைக் கொண்டு பூவில் இல்லாத ஒன்றைச் செய்வதுதான் அவர் வேலை.

மென்மையைத் தரும் பொருள்கள்

முதலில் அந்த ஐரிஸ் கிழங்கு. மஞ்சளும் இஞ்சியும் போல மண்ணுக்குள் கிடையாகப் படரும் கிழங்கு இது. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் வட்டாரம் இதற்குப் பேர்போனது. நட்டு மூன்று ஆண்டுகள் வளரவிட்டு, தோண்டி, தோல் சீவிக் காயவைக்கிறார்கள். புதிதாகத் தோண்டிய கிழங்கில் சொல்லிக்கொள்ளும்படி மணம் இருக்காது. காய்ந்து இன்னும் சில ஆண்டுகள் கிடங்கில் கிடக்கும்போதுதான் ஐரோன் என்ற மணப்பொருள் அதில் மெதுவாக உருவாகிறது. ஒரு மணத்துக்காக இத்தனை ஆண்டுகள் காத்திருப்பதால் அதன் விலை மிக அதிகம். பவுடர் வாசம் என்றாலே மலிவு என்று நினைப்பவர்கள் இந்தக் கிழங்கின் கதையை அறிய வேண்டும்.

அந்த விலைதான் வேதியியலாளர்களையும் உந்தியது. ஐரிஸ் கிழங்கின் மண ரகசியத்தைத் தேடிய ஜெர்மானியர்கள் ஃபெர்டினாண்ட் டீமானும் பால் க்ரூகரும் 1893இல் அயனோன் என்ற பொருளைச் செய்தார்கள். அவர்கள் தேடியது ஐரோன். கிடைத்தது அதன் நெருங்கிய உறவு. அயனோன் வயலட் பூவைப் போலவே மணந்தது. அதைச் செய்யத் தேவையான மூலப்பொருள் சிட்ரல். சிட்ரல் மிகுதியாகக் கிடைத்த இடம் எலுமிச்சைப்புல் எண்ணெய். அந்த எண்ணெயில் முக்கால் பங்கு அளவுக்கு அதுதான் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவுகளில் காய்ச்சிய புல்லெண்ணெய் கொச்சித் துறைமுகம் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. அயனோன் இயற்கையிலும் இருக்கிறது. வால்பாறையிலும் நீலகிரியிலும் தயாராகும் தேயிலையின் மணத்தில் அதற்கு ஒரு பங்கு உண்டு.

அடுத்தது ஹீலியோட்ரோபின். பாதாம், வெனிலா, செர்ரிப் பழம் எல்லாம் கலந்தது போன்ற மாவுத்தன்மை கொண்ட இனிப்பு மணம் இதற்கு. 19ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர்கள் இதை மிளகின் காரப்பொருளிலிருந்து எடுத்தார்கள். பைப்பரோனல் என்ற இன்னொரு பெயர் அதனால் வந்தது. கெர்லான் நிறுவனத்தின் ஆப்ரே லோந்தே (1906), லோர் ப்ளூ (1912) ஆகிய இரண்டு பெர்ஃப்யூம்களிலும் இந்த மணத்தோடு வயலட்டும் ஐரிஸும் கைகோக்கின்றன. பூவும் பவுடரும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று கற்க விரும்பும் எவருக்கும் அவை நல்ல பாடம்.

கூமரின், வெனிலின் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முன்னது காய்ந்த புல்லின் இனிப்பு. 1868இல் வில்லியம் பெர்கின் செயற்கையாகச் செய்தார். பின்னது வெனிலாவின் உயிர். 1874இல் அதே டீமானும் வில்ஹெல்ம் ஹார்மானும் செய்தார்கள். இரண்டும் பவுடரின் இனிப்புப் பக்கம்.

சந்தனம் நமக்குச் சொல்லித்தர வேண்டிய பொருள் அல்ல. சத்தியமங்கலம் மலைக்காடுகளில் வளரும் மரம் அது. வைரம் பாய்ந்த நடுக்கட்டையில் ஊறும் எண்ணெயின் மணம் பால் போல மென்மையானது, கூர்மையே இல்லாதது. பவுடர் வகைப் பெர்ஃப்யூமின் அடியில் அது மற்றவற்றையெல்லாம் ஒட்டவைக்கிறது.

கஸ்தூரியை ஒரு காலத்தில் ஒரு வகை மானிலிருந்து எடுத்தார்கள். 1888இல் ஆல்பர்ட் பவர் என்பவர் வெடிமருந்து ஆய்வின்போது எதிர்பாராமல் செயற்கைக் கஸ்தூரியைக் கண்டார். இன்று பயன்படுவது அதற்குப் பிந்தைய தலைமுறை, வெள்ளைக் கஸ்தூரி எனப்படும் தூய்மையான மணம். துணியில் நன்றாக ஒட்டிக்கொள்வதால் சலவைத்தூள்களிலும் இதைச் சேர்க்கிறார்கள். துவைத்து வெயிலில் உலர்த்திய பருத்தித் துணியின் நினைவு சில பெர்ஃப்யூம்களில் எழுவதற்கு இதுவே காரணம்.

மறுபடி ஒரு சுருக்கம்: வயலட்டும் ஐரிஸும் உலர்ந்த மென்மையைத் தருகின்றன, ஹீலியோட்ரோபின், கூமரின், வெனிலின் மாவு போன்ற இனிப்பைத் தருகின்றன, சந்தனமும் கஸ்தூரியும் தோலில் தங்கவைக்கின்றன. இவற்றின் மேல் பூவை வைத்தால் பவுடர் மணமும் பூமணமும் கலந்த பெர்ஃப்யூம் பிறக்கிறது.

சோப்பு வாசம் என்று சொல்வது எதை?

பழைய பெர்ஃப்யூம்களில் பவுடரோடு சோப்பும் மணப்பதாகச் சிலர் சொல்வார்கள். அவர்கள் சொல்வது சரிதான். ஆல்டிஹைடு என்ற மணப்பொருள் குடும்பம் அதற்குக் காரணம். தனியாக முகர்ந்தால் அணைத்த மெழுகுவத்தி, புதிதாக இஸ்திரி போட்ட துணி, சோப்பு ஆகியவற்றை நினைவூட்டும். ஆரஞ்சுத் தோலிலும் கொத்தமல்லித் தழையிலும் இந்தக் குடும்பத்தினர் இயற்கையாகவே இருக்கிறார்கள். எர்னஸ்ட் போ நம்பர் 5இல் இவற்றைத் தாராளமாகச் சேர்த்தார். அதனால் மல்லிகையும் ரோஜாவும் தனித்தனிப் பூக்களாகத் தெரியாமல் ஒரே ஒளிரும் மணமாக எழுந்தன. அதைப் பின்பற்றி ஏராளமான பெர்ஃப்யூம்கள் வந்தன. அந்த மணம் சோப்புகளிலும் பவுடர்களிலும் இறங்கியது. இன்று நாம் பெர்ஃப்யூமை முகர்ந்து சோப்பை நினைக்கிறோம்.

செயற்கை என்றால் போலியா?

"அசல் பூவிலிருந்து எடுத்ததா, கெமிக்கலா?" என்ற கேள்வி பவுடர் வகையில் பொருந்தவே பொருந்தாது. வயலட் பூவிலிருந்து எண்ணெய் எடுப்பது கட்டுப்படியாகாத வேலை. பெர்ஃப்யூமில் நீங்கள் முகரும் வயலட் பூ அனேகமாக எப்போதும் அயனோன்தான். அயனோன் இல்லையென்றால் அந்தப் பூவே பெர்ஃப்யூமுக்குள் வந்திருக்காது.

இன்னும் தெளிவான சான்று 2000இல் வெளிவந்த ஃபிளவர் பை கென்ஸோ என்ற பெர்ஃப்யூம். அல்பெர்தோ மொரியாஸ் உருவாக்கிய இது, இன்றைய பவுடர்ப் பூ வகையில் மிகவும் அறியப்பட்ட ஒன்று. பாட்டிலில் வரைந்திருப்பது சிவப்பு பாப்பி மலர். பாப்பிக்குச் சொல்லத்தக்க மணம் கிடையாது. இல்லாத மணத்தை வயலட், ரோஜா, வெனிலா, வெள்ளைக் கஸ்தூரி கொண்டு கற்பனையாகக் கட்டியிருக்கிறார்கள். இதைப் போலி என்று யாரும் சொல்ல முடியாது.

சிலருக்கு மட்டும் ஏன் மணப்பதில்லை?

காலையில் தெளித்தது பத்து நிமிடத்தில் மறைந்துவிட்டது, ஆகவே இது டூப்ளிகேட் என்று முடிவுகட்டும் முன் ஒரு விஷயம். ஒரே மணம் தொடர்ந்து வந்தால் மூக்கு அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். இதை முகர்ச்சிச் சோர்வு என்கிறார்கள். அயனோனில் இது மிக வேகமாக நடக்கும். மணம் தெரியும், மறையும், சற்று நேரத்தில் மறுபடி தெரியும். உங்களுக்கு மறைந்த நேரத்திலும் பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு நன்றாகவே மணந்துகொண்டிருக்கும். போதவில்லை என்று மேலும் மேலும் தெளித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுபவர்கள், அருகில் இருப்பவரை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிறவியிலேயே வேறுபாடும் உண்டு. மூக்கிலுள்ள ஒரு குறிப்பிட்ட மண உணர்வியின் மரபணு ஆளுக்கு ஆள் மாறுவதால், பீட்டா அயனோன் என்ற வகை சிலருக்குத் தெளிவான பூவாகவும், சிலருக்குப் புளித்த கூர்மையான வாசமாகவும் தெரிகிறது; சிலருக்கு ஏறக்குறைய எதுவுமே தெரிவதில்லை. 2013இல் வெளியான ஆய்வு ஒன்று இதை உறுதிப்படுத்தியது. ஒரே பெர்ஃப்யூமைப் பற்றி அம்மாவும் மகளும் கடையில் நின்று வாதாடினால், இருவருமே தாம் உணர்வதை உள்ளபடி சொல்பவர்களாக இருக்கலாம்.

வாங்கும் முன் முகர்ந்து பார்க்கும் முறை

காகிதப் பட்டை முதல் வடிகட்டலுக்கு மட்டும் போதும். பிடித்திருந்தால் மணிக்கட்டில் ஒரே ஒரு தெளிப்பு. இரண்டு மணிக்கட்டையும் ஒன்றோடொன்று தேய்ப்பது பலருக்குப் பழக்கம். தேய்த்தால் சூடேறி முதல் மணம் சீக்கிரம் ஓடிவிடும், ஆகவே அப்படியே உலரவிடுங்கள். பிறகு கடையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். காபி குடிக்கலாம், வேறு கடைக்குப் போகலாம். அரை மணி நேரத்தில் ஒரு முறையும் இரண்டு மணி நேரத்தில் ஒரு முறையும் முகருங்கள். பவுடரும் பூவும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்திருந்தால் நல்ல கலவை. பூ முழுவதும் போய் வெறும் இனிப்பு மட்டும் மிஞ்சினால் வேறொன்றைப் பாருங்கள்.

ஒரே நாளில் இரண்டு மூன்றுக்கு மேல் முகராதீர்கள். தலையில் மல்லிகைச் சரம் இருக்கும் நாளில் சோதிக்கவே வேண்டாம். அதன் பக்கத்தில் எந்தப் பெர்ஃப்யூமும் தோற்றுத்தான் போகும்.

கொங்குநாட்டு வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. ஈரோட்டின் சித்திரை வெயிலில் எல்லா மணமும் வேகமாக ஆவியாகும். வெனிலா மிகுந்தவை திகட்டும். அந்த மாதங்களில் ஐரிஸ், வயலட், கஸ்தூரி மேலோங்கியவை பொருத்தம். சந்தனமும் ஹீலியோட்ரோபினும் மிகுந்த கனமானவற்றை, கணவாய்க் காற்று குளிர்ந்து வீசும் ஆடி மாதத்துக்கும் மார்கழிக்கும் வைத்துக்கொள்ளலாம். பட்டுச்சேலை மேல் நேராகத் தெளித்தால் கறை விழும். தோலிலோ பருத்தி உள்பாவாடையின் ஓரத்திலோ தெளிப்பது பாதுகாப்பு. பாட்டிலை ஜன்னலோரக் கண்ணாடி மேசையில் வைக்காமல், அட்டைப் பெட்டியோடு பீரோவுக்குள் வையுங்கள். வெளிச்சமும் சூடும் முதலில் கெடுப்பது முதல் மணத்தையும் பூவையும்தான்.